ஒருத்தி செய்ததற்கு எல்லோருக்கும் பெயர்: சொராரிட்டி சாப்டர்களுக்கு ஒரு நடைமுறைக் கையேடு

உங்கள் சாப்டரில், அதாவது அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கமான சொராரிட்டியின் வளாகக் கிளையில், 120 பேர் இருக்கலாம். வளாகத்தில் இருக்கும் மற்ற மாணவர் ஒருவருக்கு அதில் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான். அந்த மூவரில் ஒருத்தி வெள்ளிக்கிழமை இரவு ஊபர் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டினால், அந்த மாணவர் அறிந்த சொராரிட்டியில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டது. மீதி 117 பேர் அந்த நேரத்தில் நூலகத்திலோ வேலையிலோ இருந்தது அவர் கணக்கில் வராது. ஒருத்தியின் நடத்தை எந்த வழியாகக் குழுவின் பெயராக மாறுகிறது, அந்த வழிகளில் எவற்றை முன்கூட்டியே அடைக்கலாம், நடந்துவிட்டால் என்ன செய்வது என்று சாப்டர் நிர்வாகிகளுக்கும், புதிதாகச் சேரும் பெண்களுக்கும், அமெரிக்காவில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறோம்.

சொராரிட்டி என்றதும் பலருக்குத் தோன்றுவது ஒரே உடை, ஒரே சிரிப்பு, பெரிய வீடு, வார இறுதி விருந்து. உண்மையில் இந்தப் பெயருக்குள் பல உலகங்கள் இருக்கின்றன. 1902-இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இருபதுக்கு மேற்பட்ட சொராரிட்டிகள் இருக்கின்றன. 1930-இல் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சிலில் கறுப்பினத்தவர் தொடங்கிய 9 அமைப்புகள். தெற்காசியப் பெண்கள் தொடங்கியவை 1998 முதல் வந்தவை: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ, அடுத்த ஆண்டு டெக்சாஸ் ஏ அண்டு எம்-இல் டெல்டா கப்பா டெல்டா. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே சாப்டரில் 400 பேருக்கு மேல் இருப்பதுண்டு. தெற்காசிய சாப்டர் ஒன்றில் பத்து இருபது பேர் இருந்தாலே பெரிது. கெட்ட பெயர் ஒட்டுவதில் இந்த அளவு வேறுபாடு பெரிய பங்கு வகிக்கிறது.

ஏன் ஒட்டுகிறது

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது சமையலுக்குச் சரி. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதிநீரில் வேகிறது. மனிதர்கள் அப்படி வேகவில்லை. ஆனாலும் நம் மனம் குழுக்களைப் பற்றி அப்படித்தான் முடிவு கட்டுகிறது. அது எப்படி என்று சமூக உளவியலில் ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். நான்கு சோதனைகளைத் தெரிந்துகொண்டால் போதும். கீழே சொல்லும் நடைமுறைகள் எல்லாம் அவற்றிலிருந்தே வருகின்றன.

முதலாவது, 1982-இல் பெர்னதெத் பார்க்கும் மைரன் ராத்பார்ட்டும் செய்தது. அதில் ஒரு பகுதிக்கு அவர்கள் அழைத்ததே சொராரிட்டிப் பெண்களைத்தான். தங்கள் சொராரிட்டியிலும் வேறு இரண்டு சொராரிட்டிகளிலும் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று 90 பேர் மதிப்பிட்டார்கள். தங்கள் குழுவில் பலவிதமானவர்கள் இருப்பதாகவும், மற்றக் குழுக்களில் எல்லோரும் ஒரே மாதிரி என்பதாகவுமே மதிப்பீடு சாய்ந்தது. சொராரிட்டி வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த பெண்களே பக்கத்து வீட்டு சொராரிட்டியை இப்படிப் பார்க்கிறார்கள் என்றால், அந்த வீதிக்கே வராத வெளியாளைக் குறைசொல்ல இடமில்லை.

இரண்டாவது, 1976-இல் டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபோர்டும் செய்தது. அ, ஆ என்று இரண்டு கற்பனைக் குழுக்கள். அ குழுவினரைப் பற்றி 26 செய்திகள்: 18 நல்லவை, 8 கெட்டவை. ஆ குழுவினரைப் பற்றி 13 செய்திகள்: 9 நல்லவை, 4 கெட்டவை. இரண்டிலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள் ஆ குழுவின் கெட்ட செயல்களை உள்ளதைவிடக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள், அந்தக் குழுவைத் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். சிறிய குழுவும் கண்ணில் படும், கெட்ட செயலும் கண்ணில் படும். இரண்டும் சேரும்போது மனம் அவற்றை முடிச்சுப் போட்டுவிடுகிறது. 14 பேர் கொண்ட தெற்காசிய சாப்டருக்கு இது மிகக் கடுமையான விதி. 400 பேர் சாப்டரில் நான்கு பேர் தவறினால் அது நான்கு பேரின் தவறு. உங்கள் சாப்டரில் ஒருத்தி தவறினால் 'அந்த தேசி சொராரிட்டி' என்று பேச்சு வரும்.

மூன்றாவது, தீவிரம். 1978-இல் ராத்பார்ட் குழுவினர் நடத்திய சோதனையில், ஒரு கூட்டத்தில் குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கை இரு தரப்பினருக்கும் ஒன்றாகவே காட்டப்பட்டது. ஒரு தரப்புக்குச் சாதாரணக் குற்றங்கள், மறு தரப்புக்குக் கடுமையானவை. கடுமையானவற்றைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் குற்றவாளிகள் அதிகம் என்றார்கள். சின்னச் சின்ன ஒழுங்குமீறல்களைத் துரத்துவதில் உங்கள் நேரம் முழுவதும் போனால், பெயரைக் கெடுக்கப்போகும் அந்த ஒரு பெரிய சம்பவத்துக்கு ஆள் இருக்காது.

நான்காவது, பாதிப்பு அடுத்தவர் மேல் விழுவது. 1996-இல் ஈ. ஐ. ஹெண்டர்சன்-கிங்கும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் ஒருவர் முரட்டுத்தனமாக நடந்ததைப் பார்த்த வெள்ளையின மாணவர்கள், அதில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கறுப்பினத்தவரிடமிருந்து விலகிப்போனார்கள். திட்டியது ஒருத்தி, விலை கொடுப்பது வேறொருத்தி. இந்த அநியாயம்தான் இந்தப் பொருளில் எங்களை மிகவும் உறுத்துவது. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணமும் அதுவே.

பெயர் எங்கெல்லாம் தெரிகிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள்

செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்துக்குள், ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். குழுவின் பெயரோ அதைக் குறிக்கும் கிரேக்க எழுத்தோ தெரியும் எல்லா இடங்களையும் எழுதுங்கள்: டி-சர்ட், ஜாக்கெட், துணிப்பை, தண்ணீர் பாட்டில், காரின் பின்கண்ணாடி ஸ்டிக்கர், இன்ஸ்டாகிராம் பயோ, லிங்க்ட்இன், கை அடையாளம், சொராரிட்டி வீட்டின் முன்புறம். பெரும்பாலான சாப்டர்கள் உடையோடு நிறுத்திவிடுகின்றன. அதிகம் பார்க்கப்படுவதோ பயோவும் கார் ஸ்டிக்கரும்தான். ஒரு மோசமான கமெண்ட் போட்டவரின் பெயரைச் சொடுக்கினால் முதலில் தெரிவது பயோவில் இருக்கும் மூன்று கிரேக்க எழுத்து.

பிறகு விதியை எழுதுங்கள். ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. நீளமான விதியை யாரும் நினைவில் வைப்பதில்லை.

எழுத்து அணிந்திருக்கும்போது மது, வேப், கஞ்சா இல்லை. 21 வயது நிறைந்தவருக்கும் இது பொருந்தும். எழுத்து தெரியும் படத்தில் கையில் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பை இருக்கக் கூடாது, உள்ளே தண்ணீரே இருந்தாலும். வேறு இனத்தவரின் உடையையோ தோல் நிறத்தையோ வேஷமாகப் போடும் தீம் பார்ட்டி எதற்கும் போவதில்லை. பொது இடத்தில் வாக்குவாதம் வந்தால் கூட இருக்கும் சிஸ்டர் (சக உறுப்பினர்) உடனே தலையிட்டு அவளை வெளியே கூட்டிவர வேண்டும். ஐந்தாவது வரி உங்கள் வளாகத்தின் குறிப்பிட்ட சிக்கலுக்கு: ஃபுட்பால் ஆட்ட நாள், ஸ்பிரிங் பிரேக் பயணம், எது அதிகம் தொல்லை தருகிறதோ அது.

இந்த விதி கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, நடத்தைக்கான விதி மெல்ல உடலுக்கான விதியாகிறது: முடி எப்படி இருக்க வேண்டும், எடை, ஷார்ட்ஸ் நீளம், உதட்டுச் சாயம். வெளியாள் மனதில் இருக்கும் 'எல்லோரும் ஒரே மாதிரி' என்ற படத்தை நீங்களே வரைந்து கொடுப்பதுதான் இது. உறுப்பினர் நடத்தையை விசாரிக்கும் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு உடை பற்றிப் பேசத் தொடங்கினால் தலைவி அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டாவது, எழுத்தைக் கழற்றிவிட்டு அதே காரியத்தைச் செய்வது. சிறிய வளாகத்தில் யார் எந்த சாப்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். டி-சர்ட்டைக் கழற்றினால் பெயர் கழன்றுவிடாது என்பதைப் புதியவர்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

திரையில் போவது எதுவும் உள்ளே நிற்காது

2013 ஏப்ரலில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், சொராரிட்டி நிர்வாகி ஒருவர் தன் சாப்டர் பெண்களுக்கு மட்டும் எழுதிய மின்னஞ்சல் வெளியே வந்தது. பிரட்டர்னிட்டியோடு (ஆண் மாணவர் சங்கத்தோடு) நடந்த நிகழ்ச்சிகளில் சரியாகப் பழகவில்லை என்று வசைமொழியில் திட்டிய கடிதம் அது. சில நாட்களில் நாடு முழுவதும் படித்தார்கள், நடிகர்கள் அதைப் படித்துக்காட்டினார்கள். அவர் சொராரிட்டியிலிருந்து விலகினார். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்தவர்கள் 'சொராரிட்டிப் பெண்களே இப்படித்தான்' என்று சொன்னார்களே ஒழிய, எழுதியவரின் குணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

2015 ஆகஸ்டில் அலபாமாவில் நடந்தது வேறு வகை. ஒரு சாப்டர் வெளியிட்ட ஆள்சேர்ப்பு வீடியோவில் யாரும் யாரையும் திட்டவில்லை, தவறாக எதுவும் செய்யவில்லை. நீச்சல் உடை, மினுமினுப்புத் தூள், ஏறக்குறைய எல்லோரும் பொன்னிறக் கூந்தல். விமர்சனம் வலுத்ததும் வீடியோ எடுக்கப்பட்டது. அந்தப் பெண்கள் படிப்பதும், தொண்டு செய்வதும், சண்டை போட்டுச் சேர்வதும் அதில் ஒரு நொடிகூட இல்லை. தவறான படிமத்தை எதிரி உண்டாக்க வேண்டியதில்லை, அதை நாமே இசை சேர்த்து வெளியிடுகிறோம்.

இதற்கான நடைமுறை எளிது. சாப்டர் கணக்கில் எது போவதாக இருந்தாலும் இருவர் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் அதைத் தயாரித்தவராக இருக்கக் கூடாது. வீடியோ என்றால் 24 மணி நேரம் வைத்திருந்து மறுநாள் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாட்டு இல்லாதபோது என்ன தெரிகிறதோ அதுதான் வெளியாளுக்குத் தெரியும். குரூப்மீ, வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சிஸ்டரைப் பற்றியோ, ரஷ்ஷுக்கு (ஆள்சேர்ப்புக்கு) வரும் பெண்களின் தோற்றத்தைப் பற்றியோ எழுதவே கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும்; எடுப்பவர் பெரும்பாலும் உள்ளே காயப்பட்ட ஒருவர்தான். கோபத்தோடு நீளமாக எழுதத் தோன்றினால் குறிப்பேட்டுச் செயலியில் எழுதிவைத்து, சாப்டர் அட்வைசருக்கு (வழிகாட்டும் ஆலோசகருக்கு) மட்டும் காட்டுங்கள்.

விருந்தும் ஹேஸிங்கும்

நேஷனல் பான்ஹெலனிக் சொராரிட்டி வீடுகளில் மது அனுமதி இல்லை. எனவே குடி இருக்கும் நிகழ்ச்சி பிரட்டர்னிட்டி வீட்டிலோ வெளி இடத்திலோ நடக்கிறது, அங்கே கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை. சோபர் மானிட்டர்கள், அதாவது அன்றிரவு ஒரு துளியும் குடிக்காமல் கவனித்துக்கொள்பவர்கள், எத்தனை பேர் என்று உங்கள் தேசிய அமைப்பு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சொல்லவில்லையென்றால் 15 பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை அந்த வேலைக்குப் போடாதீர்கள்; மூத்தவரைத் தடுக்க அவர்களுக்குத் துணிவு வராது. கடைசி ஆள் வீடு போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை மானிட்டர் வேலை முடியவில்லை.

ஒருத்தி எழுப்பினால் எழவில்லை, மூச்சு சீராக இல்லை, தோல் குளிர்ந்து நீலம் பாய்கிறது என்றால் 911. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் உதவிக்கு அழைத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சட்ட வயதுக்கு முன் குடித்ததற்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டம் இருக்கிறது. 'சாப்டர் பெயர் கெட்டுவிடும்' என்று அழைக்கத் தயங்கியதால் உயிரே போயிருக்கிறது. 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிரட்டர்னிட்டியில் சேர வந்த திமதி பியாஸா விழுந்து அடிபட்ட பிறகு, உதவிக்கு அழைக்க ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. அவர் இறந்தார். பென்சில்வேனியா மாநிலம் மறு ஆண்டு கொண்டுவந்த ஹேஸிங் (சேர வருபவரைத் துன்புறுத்துவது) தடைச் சட்டம் அவர் பெயரில் இருக்கிறது.

ஹேஸிங்கை நம் ஊர் ராகிங்கோடு ஒப்பிட்டால் பெற்றோருக்கு விளங்கும். ஒரு வேறுபாடு: ராகிங் பெரும்பாலும் கல்லூரிக்குள் நுழைந்ததற்காக, ஹேஸிங் ஒரு குழுவுக்குள் நுழைவதற்காக. சேருபவள் தானே ஒப்புக்கொண்டாள் என்பது சாக்கு ஆகாது. 2008-இல் எலிசபெத் ஆலனும் மேரி மேடனும் வெளியிட்ட தேசிய ஆய்வில், மன்றங்களிலும் அணிகளிலும் அமைப்புகளிலும் இருக்கும் கல்லூரி மாணவர்களில் 55 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஹேஸிங்கை அனுபவித்திருந்தார்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டப்படி, விதிமீறல் உறுதியான அமைப்பின் பெயரைப் பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட வேண்டும். ஒரு 'பிக் சிஸ்டர்' (மூத்த வழிகாட்டி) தன் 'லிட்டில்' (புதியவள்) மேல் சுமத்தும் ஒரு வேலை, இனி இணையத்தில் சாப்டரின் பெயருக்கு எதிரே நிற்கும்.

எந்தச் சடங்குக்கும் முன் நான்கு கேள்வி போதும். இதை அட்வைசர் முன் செய்வோமா? மறுப்பவள் எந்த இழப்புமின்றி விலகி நிற்க முடிகிறதா? மூத்தவர்களும் கூடச் செய்கிறார்களா? தூக்கமோ சாப்பாடோ வகுப்போ கெடாமல் நடக்கிறதா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கைவிடுங்கள். தெற்காசிய, கறுப்பின அமைப்புகளில் புதியவர்களை மேடையேற்றும் அறிமுக நிகழ்ச்சிக்கான ஒத்திகையிலும் இதைக் கவனியுங்கள். நடன ஒத்திகை இரவு இரண்டு மணிவரை நீள்வது பெருமை அல்ல.

நடந்துவிட்டால்

முதல் மணி நேரம் பாதிக்கப்பட்டவருக்கு: அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, மருத்துவமோ போலீசோ வேண்டுமா. அடுத்து அட்வைசருக்கும் தேசிய அலுவலகத்துக்கும் தொலைபேசி. செய்திகள், படங்கள் எதையும் யாரும் அழிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே வரியில் சொல்லுங்கள். அழிப்பது முதல் தவறைவிடப் பெரிதாகும். அழித்ததைப் பற்றிய ஸ்கிரீன்ஷாட்டும் கட்டாயம் வெளியே வரும்.

முதல் நாள் முடிவதற்குள் அறிக்கை எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுங்கள்: இது உண்மையில் ஒருத்தியின் வேலைதானா? அவள் செய்ததை யார் படம் எடுத்தது, யார் சிரித்தது, முன்பே யாருக்குத் தெரியும், போன ஆண்டும் நடந்ததா, சாப்டர் நிகழ்ச்சியிலா நடந்தது? இந்த ஐந்தில் இரண்டுக்குப் பதில் சாப்டரைச் சுட்டினாலே 'ஒரு தனிநபர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 2015 மார்ச்சில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் பிரட்டர்னிட்டியினர் பேருந்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்திப் பாடிய காணொளி வெளியானது. சாப்டர் உடனே மூடப்பட்டது, இரண்டு மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். பிறகு நடந்த விசாரணையில், அந்தப் பாட்டை அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தேசிய அமைப்பு நடத்திய தலைமைப் பயிற்சிப் பயணத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்தது. எல்லாம் இரண்டு பேரின் தவறு என்று அதற்கு முன் யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் பேச்சு அன்றோடு செல்லாததாகியிருக்கும்.

ஒருத்தியின் வேலைதான் என்றாலும் 'அவள் எங்களைச் சேர்ந்தவளே இல்லை' என்பது எடுபடாது. இதற்கும் ஆய்வு இருக்கிறது. தன் குழுவில் தவறு செய்பவரை, வேறு குழுவில் அதே தவறு செய்பவரைவிடக் கடுமையாகத் தள்ளிவைப்பது மனித இயல்பு. பெல்ஜியத்தில் ஜோசே மார்க்கிஸும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் அதற்குக் 'கறுப்பு ஆடு விளைவு' என்று பெயரிட்டார்கள். தள்ளிவைத்ததும் உள்ளே இருப்பவர்களுக்கு மனம் லேசாகிறது. வெளியாளுக்கோ எதுவும் மாறுவதில்லை; நேற்றுவரை ஒரே படத்தில் தோள்மேல் கைபோட்டு நின்றவர்கள்தானே.

எனவே அறிக்கையில் நான்கு வாக்கியம் மட்டும்: என்ன நடந்தது, யாருக்கு என்ன தீங்கு, இன்றே என்ன செய்துவிட்டோம், அடுத்த தகவல் எந்தத் தேதியில். 'எங்கள் விழுமியங்கள்' என்று தொடங்கும் வாக்கியம் வேண்டாம். 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்பதில் இருக்கும் அந்த 'இருந்தால்' முழு மன்னிப்பையும் விழுங்கிவிடும். அவள் பெயரைப் பொதுவில் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை நேரில் கேளுங்கள், அவர் விரும்பினால் மட்டும். மற்ற உறுப்பினர்கள் தனித்தனியாக விளக்கம் போட வேண்டாம். கேட்பவருக்குச் சொல்ல ஒரே வரி கொடுங்கள், ஒருவரை மட்டும் பேச வையுங்கள்.

ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு விசாரணையை வாட்ஸ்அப்பில் நடத்தக் கூடாது. புகாரை எழுத்தில் கொடுத்து, குறைந்தது 48 மணி நேரம் விட்டு, அட்வைசர் முன்னிலையில் இரு தரப்பையும் கேளுங்கள். அவளோடு அறையைப் பகிர்பவளோ அவளுடைய 'பிக்'கோ போர்டில் இருந்தால் அன்று விலகி இருக்கட்டும். தண்டனை செயலுக்கு ஏற்றதாக இருக்கட்டும், வந்த அவமானத்தின் அளவுக்கு ஏற்றதாக அல்ல. வைரல் ஆனதற்காக ஒருத்தியை நீக்கி, வைரல் ஆகாத அதே தவறைச் செய்த மற்றவளை விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் எல்லோரும் கற்பது ஒன்றைத்தான்: அகப்படாதே.

பெயரை மாற்றுவது எப்படி

இங்கேதான் பெரும்பாலான சாப்டர்கள் தவறான வழியில் போகின்றன. மிகச் சிறந்த ஒருத்தியை, 4.0 ஜிபிஏ, மருத்துவக் கல்லூரி இடம், மேடைப் பேச்சு எல்லாம் உள்ளவளை, எல்லா இடத்துக்கும் அனுப்புகிறார்கள். 1983-இல் ரெனீ வெபரும் ஜெனிஃபர் கிராக்கரும் செய்த ஆய்வு, இது ஏன் பலிக்காது என்று காட்டுகிறது. படிமத்துக்கு மாறான குணங்கள் எல்லாம் ஓரிருவரிடம் குவிந்திருந்தால், பார்ப்பவர்கள் அவர்களை 'விதிவிலக்கு' என்று தனியே ஒதுக்கிவிட்டுப் பழைய எண்ணத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அதே குணங்கள் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்தால் எண்ணம் மாறத் தொடங்குகிறது.

கமலா ஹாரிஸ் 1986-இல் ஹாவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான அவர் துணை அதிபரானபோது, 1908-இல் தொடங்கிய அந்த அமைப்பின் இளஞ்சிவப்பு-பச்சை நிறமும் முத்துமாலையும் உலகத்துக்கே தெரிந்தன. பெருமைதான். ஆனால் சொராரிட்டி என்றால் வெறும் விருந்து என்று நினைத்திருந்த ஒருவர், 'அவர் வேறு' என்று ஒரே சொல்லில் கடந்துபோகவும் முடியும். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரி குறிப்பைப் பகிரும் சாதாரணப் பெண்ணை அப்படிக் கடக்க முடியாது.

ஆகவே ஆட்களைப் பரப்புங்கள். யார் யார் எந்தப் பாடப்பிரிவு, எந்த ஆய்வகம், எந்த வேலை, எந்த மன்றம் என்று ஒரு தாளில் எழுதினால் எங்கே ஒருவரும் இல்லை என்று தெரியும். வேறொரு மாணவர் அமைப்போடு சேர்ந்து செய்யும் வேலை ஒரு நாள் புகைப்படத் தொண்டாக இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை, ஆறு வாரமாவது, இரு தரப்பும் சமமாகப் பொறுப்பேற்று. கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்ன நிபந்தனைகள் இன்றும் பொருந்துகின்றன: சம நிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. ஒரு தரப்பு உதவி செய்ய, மறு தரப்பு வாங்கிக்கொண்டால் முதல் நிபந்தனையே போய்விடுகிறது.

ஒருத்தியின் நடத்தை நல்ல பக்கமும் சாய்க்கும். 2013-இல் அலபாமாவில் கறுப்பின மாணவி ஒருவர் தகுதி இருந்தும் சொராரிட்டிகளில் ஒதுக்கப்பட்டார். சாப்டர் உறுப்பினர் ஒருவர் தன் பெயரோடு மாணவர் நாளிதழான தி கிரிம்சன் ஒயிட்டில் அதைச் சொன்னார். அதே மாதம் பல்கலைக்கழகத் தலைமை சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னது, கறுப்பின மாணவிகளுக்கு அழைப்புகள் போயின. சாப்டரின் பெயரைக் காப்பாற்ற வாயை மூடு என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். அந்த வளாகத்தில் சொராரிட்டிகளைப் பற்றி அந்த ஆண்டு சொல்ல முடிந்த நல்ல செய்தி, வாயைத் திறந்த அந்தப் பெண்ணால் வந்தது.

ஒருத்தி தலையிலேயே ஏற்றாதீர்கள்

300 பேர் சாப்டரில் ஒரே தமிழ்ப் பெண்ணாக இருப்பவளுக்கு இரண்டு சுமை: வளாகத்தில் சொராரிட்டியின் பெயர், சொராரிட்டிக்குள் இந்தியர்களின் பெயர். தன் குழுவைச் சேர்ந்த இன்னொருவர் செய்யும் தவறு, குழுவைப் பற்றிய பழிக்கு ஆதாரமாகிவிடுமோ என்ற பயமே ஒருவரின் தன்மதிப்பையும் செயலையும் பாதிக்கிறது என்று ஜெஃப்ரி கோஹனும் ஹூலியோ கார்சியாவும் 2005-இல் காட்டினார்கள். எல்லாப் பன்முகத்தன்மைக் கூட்டத்துக்கும், எல்லா ஆள்சேர்ப்புப் படத்துக்கும் அவளையே அழைக்காதீர்கள். மூன்று முறைக்கு ஒருமுறை 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்பதைத் தலைவியே முதலில் சொல்லட்டும்.

பெற்றோருக்கு: 'சொராரிட்டி என்றாலே குடி' என்று மகளிடம் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். அவள் பார்க்கும் சாப்டரைப் பற்றிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் ஹேஸிங் அறிக்கையில் அந்தப் பெயர் இருக்கிறதா? ஆண்டுச் சந்தா எவ்வளவு, வராவிட்டால் அபராதம் எவ்வளவு? புதியவர்களுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்கிறார்கள்? சாப்டரின் சராசரி ஜிபிஏ என்ன? இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் சாப்டரை நம்பலாம்.

நிர்வாகிகளுக்கு இன்னொன்று. பதவி ஆண்டுதோறும் மாறுகிறது. பல சாப்டர்களில் குளிர்கால விடுமுறைக்கு முன்பே. போன ஆண்டுச் சம்பவமும், அதில் என்ன செய்து எது பலிக்கவில்லை என்பதும் பழைய தலைவியோடு போய்விடுகிறது. பெயர்களை நீக்கிவிட்டு இரண்டு பக்கத்தில் எழுதி அட்வைசரிடம் ஒரு பிரதி, அடுத்த தலைவியிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஸ்டாண்டர்ட்ஸ் போர்டும் ரிஸ்க் மேனேஜ்மென்ட் (ஆபத்துத் தடுப்பு) பொறுப்பாளரும் உட்கார்ந்து அதைச் சேர்ந்து படிக்க நாள் குறித்துவிட்டுப் பதவியிலிருந்து இறங்குங்கள்.